கழிவுநீருக்கும் உறை உண்டு

சிரம்பானை அடுத்த ராசாவில் கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால் நடந்தால் பெரும்பாலான தாமான்களில் ஒரு கம்பி வேலி வரும். வேலிக்குள் சில கான்கிரீட் தொட்டிகள், ஒரு சிறு அறை, அந்த அறையிலிருந்து இரவும் பகலும் ஓயாத ஒரு ரீங்காரம். நாற்பது வயதைத் தாண்டிய நம்மில் பலருக்கு இதைவிடப் பழக்கமான காட்சி வேறொன்று: ஆலைக்குப் பின்னால், செம்பனை மரங்களுக்கு நடுவே வரிசையாக வெட்டிய குளங்கள். முதல் குளம் கருத்திருக்கும், கடைசிக் குளம் பச்சையாக இருக்கும். பிள்ளைகள் பக்கத்தில் போகக்கூடாது என்று அம்மாக்கள் அதட்டுவார்கள்.

இரண்டும் செய்வது ஒரே வேலைதான். இப்போது அந்த வேலையைப் பற்றித் தாமான் கூட்டங்களில் கேள்வி எழுகிறது. பழைய குளத்தை மூடிவிட்டு ‘நவீன’ நிலையம் கட்டச் சொல்லலாமா? பக்கத்துத் தாமானில் எஸ்பிஆர் என்கிறார்களே, நமக்கு ஏன் அது இல்லை? எந்த முறை சிறந்தது? அக்கறையுள்ளவர்கள் கேட்கும் நியாயமான கேள்விகள். ஆனால் ‘எந்த முறை சிறந்தது’ என்பதற்கு முன்னால் ‘எந்தக் கழிவுக்கு, எவ்வளவு நிலத்தில், யார் கவனிப்பில்’ என்று கேட்காவிட்டால் கிடைக்கும் பதில் எதுவும் உதவாது. அதைக் கொஞ்சம் பொறுமையாகவே விளக்கப் பார்க்கிறோம்.

கழிவுநீரைச் சுத்தம் செய்வது மருந்தோ இயந்திரமோ என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி வேலையைச் செய்வது பாக்டீரியா. நீரில் கரைந்திருக்கும் மாவுப்பொருள், புரதம், எண்ணெய் ஆகியவற்றை அவை தின்று பெருகுகின்றன. தின்னும்போது உயிர்வளியை இழுக்கின்றன. ஆற்றில் கழிவு கலந்தால் மீன் செத்து மிதப்பதற்குக் காரணம் பெரும்பாலும் விஷம் இல்லை, மூச்சுத்திணறல். நம் வெயிலில் சூடேறிய ஆற்றுநீர் ஒரு லிட்டரில் 8 மில்லிகிராமுக்கும் குறைவான உயிர்வளியைத்தான் பிடித்து வைக்கும். பாக்டீரியா அதை இழுத்துக்கொண்டால் மீனுக்கு மிச்சமில்லை.

ஒரு கழிவு எவ்வளவு உயிர்வளியை இழுக்கும் என்பதை அளக்கும் கணக்குதான் பிஓடி. கழிவுநீரை ஒரு புட்டியில் அடைத்து, இருட்டில் வைத்து, சில நாள் கழித்து எவ்வளவு உயிர்வளி குறைந்தது என்று பார்ப்பார்கள். பிரிட்டனில் 1898-இல் அமைத்த கழிவுநீர் ஆணையம் 1912-இல் தன் எட்டாவது அறிக்கையில் இந்த அளவை நிலைநிறுத்தியது. ஐந்து நாள் என்று வைத்தார்கள். அந்நாட்டு ஆறுகள் கடலைச் சேர ஐந்து நாளுக்கு மேல் ஆகாது என்பதால் அப்படி வைத்ததாக வழிவழியாகச் சொல்வதுண்டு. மலேசியாவில் வீட்டுக் கழிவுக்கு இன்றும் ஐந்து நாள், 20 பாகை கணக்குத்தான். செம்பனை ஆலைக் கழிவுக்கு மட்டும் மூன்று நாள், 30 பாகை. நம் சூட்டில் பாக்டீரியாவுக்கு வேகம் அதிகம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது.

இனி இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு வீட்டிலிருந்து வரும் கழிவுநீரின் பிஓடி லிட்டருக்குச் சுமார் 250 மில்லிகிராம். செம்பனை ஆலையிலிருந்து வரும் கழிவின் பிஓடி சுமார் 25,000. நூறு மடங்கு. ஒரு டன் செம்பனை எண்ணெய் எடுத்தால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்றரை டன் கழிவுநீர் வெளியேறும். ஆவியில் குலைகளை வேகவைத்த நீர், எண்ணெயைத் தெளியவைத்த நீர் எல்லாம் சேர்ந்தது. கொதிக்கக் கொதிக்க, 80 பாகைக்கு மேல் சூட்டில், பழுப்பு நிறத்தில், கஞ்சி போல வரும். விஷம் எதுவும் அதில் சேர்ப்பதில்லை. ஆனால் மணிக்கு 30 டன் குலை அரைக்கும் நடுத்தர ஆலை ஒரு நாளில் இருபது மணி நேரம் ஓடினால், அதன் கழிவு சுமார் 180,000 மனிதர்களின் கழிவுக்குச் சமமான சுமையை ஏற்றும். தோட்டத்து லயங்களில் இருந்தது சில நூறு பேர். ஆலையோ ஒரு நகரத்தின் சுமையை ஓடையில் இறக்கிக்கொண்டிருந்தது.

1970-களில் அது அப்படியேதான் இறங்கியது. 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-இல் கச்சா செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கான விதிகளும், 1978-இல் ரப்பர் ஆலைகளுக்கான விதிகளும் வந்தன. ஆலைகளை ஒரே நாளில் மூடச் சொல்லாமல் படிப்படியாக இறுக்கினார்கள் என்பது கவனிக்கத் தக்கது. 1978-இல் பிஓடி 5,000 வரை விடலாம், மறு ஆண்டு 2,000, பிறகு 1,000, 500, 250, கடைசியில் 1984-இல் 100. கூடவே, வெளியேற்றும் கழிவின் சுமைக்கேற்ப உரிமக் கட்டணமும் வைத்தார்கள். 25,000-ஐ 100-க்கு இறக்க வேண்டும், அதுவும் ஆறே ஆண்டில். எப்படிச் செய்தார்கள்? குளம் வெட்டித்தான்.

இந்தக் குளத்தை ‘பழைய முறை’ என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆலைக் கழிவு ஒரு கன மீட்டரில் 25 கிலோ உயிர்வளித் தேவை இருக்கிறது. இயந்திரத்தால் காற்றடித்து அதைத் தீர்க்க நினைத்தால், நடைமுறையில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோ அல்லது ஒன்றரைக் கிலோ உயிர்வளிதான் நீரில் கரையும். ஒவ்வொரு கன மீட்டருக்கும் இருபது யூனிட்டை எரிக்க வேண்டியிருக்கும். போதாததற்கு, உயிர்வளியோடு வளரும் பாக்டீரியா கொழுத்துப் பெருகும். தின்ற உணவில் கிட்டத்தட்டப் பாதி புது உடம்பாகவே மாறிவிடும். அந்தக் கசடை அள்ளிப் போட இடம் தேட வேண்டும்.

உயிர்வளியே இல்லாத ஆழக் குளத்தில் வேறு கூட்டம் வேலை செய்கிறது. ஐந்து முதல் ஏழு மீட்டர் ஆழத்தில் மூச்சுக்காற்று வேண்டாத பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைத்துப் பெரும்பகுதியை மீத்தேனாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றி மேலே அனுப்பிவிடுகின்றன. மின்சாரம் வேண்டாம். அவை மெலிந்த உடம்புக்காரர்கள். காற்றுள்ள தொட்டியில் சேரும் கசடில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் இங்கே சேரும். விலை என்னவென்றால் காலமும் இடமும். முதல் குளத்திலிருந்து கடைசிக் குளம் வரை நீர் போய்ச்சேர இரண்டு மூன்று மாதம் ஆகும். தோட்டத்துக்கு நிலம் பஞ்சமில்லை. அதனால் இந்தப் பேரம் அங்கே சரியாக வந்தது. இன்றும் மலேசிய ஆலைகளில் மிகப் பெரும்பாலானவை குள முறையில்தான் ஓடுகின்றன.

ஆலையில் பல வருடம் குளம் பார்த்த ஒரு பெரியவரோடு நடந்ததுண்டு. முதல் குளத்தின் கரையில் நின்று அவர் பார்த்தது நிறத்தை இல்லை, குமிழியை. குளம் முழுக்கச் சின்னச் சின்னக் குமிழி, அரிசி கொதிக்க ஆரம்பிக்கும் நேரம் போல, மெல்லப் பொங்கிக்கொண்டிருந்தது. “குமிழி நின்னு, மேலே பொருக்கு கட்டிருச்சின்னா குளம் புளிச்சுப் போச்சுன்னு அர்த்தம் தம்பி” என்றார். பாடநூல் பல பக்கம் எழுதுவதை அவர் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார். உள்ளே இரண்டு கூட்டம் இருக்கிறது. ஒன்று கழிவை உடைத்து அமிலமாக்கும், வேகமாக. இன்னொன்று அந்த அமிலத்தை மீத்தேனாக்கும், நிதானமாக. புதுக் கழிவை ஒரேயடியாகக் கொட்டினால் முதல் கூட்டம் முந்திக்கொண்டு அமிலத்தைச் சேர்த்துவிடும். புளிப்பு ஏற ஏற இரண்டாவது கூட்டம் செத்து ஒடுங்கும். ஆலைக் கழிவு வரும்போதே புளிப்புத்தான். அதன் பிஎச் 4-க்கும் 5-க்கும் இடையில். மீத்தேன்காரர்களுக்கோ 7 பக்கம் வேண்டும்.

இதற்கு ஆலைக்காரர்கள் செய்கிற வைத்தியம் நம் வீட்டுச் சமையலறையில் நடப்பதுதான். நன்றாக வேலை செய்யும் குளத்தின் நீரில் கொஞ்சம் எடுத்து, புதுக் கழிவு விழும் இடத்துக்குத் திருப்பி விடுகிறார்கள். பாலுக்கு மோர் விட்டு உறை ஊற்றுவது மாதிரி. புளிப்பும் தணியும், வேலைக்கார பாக்டீரியாவும் கூடவே வந்து சேரும். அந்தப் பெரியவர் அதற்கும் ‘உறை’ என்ற சொல்லைத்தான் சொன்னார். கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் எல்லா முறைகளையும் இந்த ஒரு சொல்லை வைத்தே ஒப்பிட்டுவிடலாம். உறையை எங்கே வைக்கிறோம், எப்படிக் காக்கிறோம், எவ்வளவு நாள் வைத்திருக்கிறோம் என்பதில்தான் ஒரு முறைக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு.

ஆழக் குளத்துக்கு அடுத்து வருவது ஒன்று, ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குளங்கள். அடியில் காற்றில்லாத பாக்டீரியா, மேலே வெயிலில் பாசி. பாசி பகலில் உயிர்வளியைக் கொடுக்கிறது, பாக்டீரியா அதை வாங்கிக்கொண்டு மிச்சத்தைத் தின்கிறது. கடைசிக் குளம் பச்சையாக இருப்பது அதனால்தான்.

ரப்பர் ஸ்டோர் பக்கம் வளர்ந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். கித்தா ஸ்டோர் சாக்கடை ஏன் அழுகிய முட்டை மாதிரி நாறியது? செம்பனைக் குளத்தில் அந்த நாற்றம் அவ்வளவு இல்லையே? காரணம் குளத்தில் இல்லை, கழிவில். பாலைக் கெட்டிப்படாமல் வைத்திருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். செறிவூட்டிய பால் எடுத்தபின் மிஞ்சும் நீர்த்த பாலை உறைய வைக்கக் கந்தக அமிலம் ஊற்றுவார்கள். கந்தக அமிலம் சல்பேட்டாகக் குளத்துக்குப் போகும். காற்றில்லாத இடத்தில் சல்பேட் கிடைத்தால் வேறொரு பாக்டீரியாக் கூட்டம் மீத்தேன்காரர்களின் உணவைத் தட்டிப் பறித்து ஹைட்ரஜன் சல்பைடாக்கி வெளியே விடும். அதுதான் அந்த நாற்றம். அதே ஆழம், அதே அளவு, அதே வேலிதான். இருந்தாலும் கழிவு மாறியதால் குளமும் மாறிவிட்டது. ஒரு தோட்டத்தில் சரியாக நடந்ததை அப்படியே இன்னொரு தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் பட்ட பாடு இதுதான்.

இனி தாமானுக்கு வருவோம். தோட்டம் துண்டாடப்பட்டு வீடுகள் எழும்போது ஆலைக் கழிவு போய் வீட்டுக் கழிவு வருகிறது. நூறு மடங்கு நீர்த்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் என்பது மலேசிய வடிவமைப்புக் கணக்கு. இவ்வளவு நீர்த்த கழிவில் மீத்தேன்காரர்களுக்குத் தீனி குறைவு. குளமே போதும் என்றால் 10,000 பேருள்ள ஒரு குடியிருப்புக்குப் பாசிக் குளத்துக்கு மட்டும் ஏறக்குறைய நான்கு ஏக்கர் வேண்டும். சிரம்பானில் நான்கு ஏக்கர் நிலத்தின் விலை நமக்குத் தெரியும். அந்த நிலத்தில் எத்தனை வீடு கட்டலாம் என்பது கட்டுமான நிறுவனத்துக்குத் தெரியும். குளங்கள் மறைந்து தொட்டிகள் வந்ததற்குப் பெரிய காரணம் நில விலை. அறிவியல் முன்னேற்றம் அதற்குப் பிறகுதான். கோலாலம்பூர் பந்தாய் பகுதியில் இதன் உச்சத்தைக் காணலாம். அங்கே குளங்கள் இருந்த இடத்தில் இன்று 14 லட்சம் பேரின் கழிவைச் சுத்தம் செய்யும் நிலையம் மண்ணுக்கடியில் இருக்கிறது. மேலே பூங்கா.

தொட்டி முறையின் பிறப்புக் கதை சொல்லத் தக்கது. மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் கழிவுநீரைப் புட்டியில் ஊற்றி, வெளிச்சம் படாதபடி பழுப்புக் காகிதத்தைச் சுற்றி, காற்றை ஊதிப் பார்த்தார்கள். முழுதாகச் சுத்தமாக ஐந்து வாரம் ஆனது. ஐந்து வாரம் என்றால் யாருக்கும் பயன்படாது. பிறகு அவர்கள் செய்ததுதான் திருப்பம். தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய கசடை எறியாமல் அப்படியே வைத்து, அதன் மேல் புதுக் கழிவை ஊற்றினார்கள். இரண்டாம் முறை சீக்கிரம் முடிந்தது. மூன்றாம் முறை அதைவிடச் சீக்கிரம். கடைசியில் ஒரு நாளுக்குள் முடிந்தது. உறை சேர்ந்துவிட்டது. 1914 ஏப்ரலில் அதை வெளியிட்டார்கள். அந்தச் சோதனைக்குத் தூண்டுதலாக இருந்த கில்பர்ட் ஃபௌலர் இரண்டே ஆண்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். இந்தியாவில் இந்த முறை பற்றிய பேச்சு அவ்வளவு சீக்கிரமே தொடங்கிவிட்டது.

இன்று நம் வேலிக்குள் இருக்கும் தொட்டிகள் பெரும்பாலும் அந்தப் புட்டியின் பிள்ளைகள்தான். நீண்ட நேரக் காற்றூட்டல் என்ற வகையில் கழிவுநீர் ஏறக்குறைய ஒரு நாள் தொட்டியில் நிற்கும். பிறகு தெளிவுத் தொட்டிக்குப் போகும். அங்கே தங்கும் கசடை பம்ப் திருப்பி அனுப்பும். எஸ்பிஆர் என்பது இதையே ஒரே தொட்டியில் நேரம் பிரித்துச் செய்வது: நிரப்பு, காற்றடி, நிறுத்தித் தெளியவிடு, மேல்நீரை வடி. இடம் மிச்சம். ஆனால் நேரக் கருவியும் வால்வும் சரியாக வேலை செய்தால்தான் அது எஸ்பிஆர். ஒரு வால்வு சிக்கிக்கொண்டால் கசடும் சேர்ந்து ஆற்றுக்குப் போய்விடும். எது உயர்ந்தது என்று கேட்டால், நிலம் குறைவு, கவனிப்பு உறுதி என்றால் எஸ்பிஆர், கவனிப்பில் சந்தேகம் என்றால் மற்றது என்போம்.

தொட்டியில் உறை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு லிட்டர் கண்ணாடிக் குழாய் போதும். காற்றூட்டும் தொட்டியிலிருந்து நீரை முகந்து குழாயில் ஊற்றி முப்பது நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். முதல் நிமிடத்தில் எல்லாமே கலங்கிய கொக்கோ மாதிரி இருக்கும். ஐந்தாவது நிமிடத்தில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சுப் பொதியாகி இறங்க ஆரம்பிக்கும், மேலே ஒரு விரல் அளவு தெளிந்த நீர் தெரியும். முப்பதாவது நிமிடத்தில் அடியில் கால்வாசியோ மூன்றில் ஒரு பங்கோ பழுப்புக் கசடு, மேலே கிட்டத்தட்டக் குடிநீர் போல் நீர். முகர்ந்தால் மழை விட்ட மண் வாசம் வர வேண்டும். கருத்து, முட்டை நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை. கசடு இறங்காமல் குழாய் முழுக்க நூல்நூலாக நின்றால் நூல் பாக்டீரியா மிஞ்சிவிட்டது. இந்தச் சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், நேரமும் ஒழுங்கும்தான் வேண்டும்.

இப்போது ராசாவுக்கு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம். நம் வடிகால்கள் லிங்கி ஆற்றுக்குப் போகின்றன. ஒரு காலத்தில் சுங்கை ஊஜோங் ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோன ஆறு இது. இப்போது போர்ட்டிக்சன் பக்கத்து மக்களுக்குக் குடிநீர் எடுக்கும் ஆறு. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே இருப்பவர்களுக்குச் சட்டம் கடுமையான ‘ஏ’ தரத்தை வைத்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டு விதிகளின்படி ஏ தரத்தில் வெளியேறும் நீரின் பிஓடி 20-க்குள் இருக்க வேண்டும். மற்ற இடங்களில் 50. இதற்குமேல் அம்மோனியாவுக்கும் வரம்பு வைத்தார்கள். ஆற்றில் விடும்போது ஏ தரத்துக்கு 10.

அம்மோனியா ஏன் தனியாக வருகிறது? குடிநீர் ஆலை குளோரின் போட்டுத்தான் கிருமியைக் கொல்கிறது. அம்மோனியா அந்தக் குளோரினை விழுங்கிவிடும். ஒரு பங்கு அம்மோனியாவைத் தீர்க்கவே எட்டு, பத்துப் பங்கு குளோரின் போய்விடும். ஆற்றுநீரில் அம்மோனியா 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் ஆலையை மூடுவதைத் தவிர வழி இருப்பதில்லை. மூடினால் வீடுகளில் குழாய் வறண்டு போகும். நம் தாமானின் வேலிக்குள் காற்றடிக்கும் ப்ளோவர் நின்று ஓயும் ரீங்காரத்துக்கும், இன்னொரு ஊரில் வாளியோடு தண்ணீர் லோரிக்கு நிற்பவருக்கும் இப்படி ஒரு நேர்க்கோடு உண்டு.

அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா மிக மெதுவாக வளரும். ஒவ்வொரு கிலோ அம்மோனியா நைட்ரஜனுக்கும் நான்கரைக் கிலோ உயிர்வளி கேட்கும். உறையை நீண்ட நாள் வைத்திருந்தால்தான் இந்தக் கூட்டம் தங்கும். கசடை அவசரப்பட்டு அள்ளிவிட்டால் முதலில் காணாமல் போவது இவைதான். காற்றில்லாத குளமோ தொட்டியோ எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அம்மோனியாவைத் தொடாது. புரதம் உடைவதால் கூடவும் செய்யும். ஆகவே ‘மின்சாரம் வேண்டாத முறை இருக்கும்போது ஏன் ப்ளோவர்?’ என்ற கேள்விக்கு ராசாவில் பதில்: ஆற்றின் கீழே ஆள் இருக்கிறார்கள்.

இந்தியாவில் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். நெதர்லாந்தில் காட்ஸே லெட்டிங்கா 1970-களில் உருவாக்கிய யுஏஎஸ்பி என்ற காற்றில்லாத தொட்டியைக் கங்கைச் செயல்திட்டத்தின்கீழ் 1989-இல் கான்பூரில் அமைத்தார்கள். கழிவு கீழிருந்து மேலே ஏறும், குருணைகளாகத் திரண்ட பாக்டீரியா நடுவில் மிதந்து அதைத் தின்னும். வெப்ப நாடுகளுக்கு ஏற்ற நல்ல யோசனைதான், மின்செலவும் சொற்பம். ஆனால் வெளியே வரும் நீர் ஆற்றில் விடும் தரத்துக்கு வராது. பின்னால் இன்னொரு குளமோ காற்றூட்டலோ வேண்டும். அந்தப் பின்பாதியைக் குறைவாகக் கட்டிய இடங்களிலெல்லாம் முறைக்குக் கெட்ட பெயர் வந்தது.

கற்படுகையில் கழிவைத் தெளித்து வழியவிடும் முறை, தட்டுகள் சுழலும் முறை, மெல்லிய சவ்வால் வடிகட்டும் முறை என்று வேறும் உண்டு. முதல் இரண்டிலும் உறை கல்லிலோ தட்டிலோ ஒட்டிக்கொண்டிருக்கும். சவ்வு முறை மிகத் தெளிந்த நீரைத் தரும், செலவும் அதற்கேற்ப. நாணல் நட்ட சதுப்புநிலம் இன்னொரு வகை. புத்ராஜெயா ஏரிக்கு வரும் நீரை வடிகட்ட 1990-களின் பிற்பகுதியில் அப்படிப் பெரிய சதுப்புநிலத்தை உருவாக்கினார்கள்.

எந்த முறையாக இருந்தாலும் பாக்டீரியாவால் முடியாதவை உண்டு. உப்பு அதில் முதன்மையானது. திருப்பூரில் சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் விழுந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, விளைநிலம் கெட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலை வந்தது. அங்கே தொட்டி இருந்தது, காற்றும் இருந்தது. துணி சாயம் பிடிக்கப் போட்ட உப்பை எந்த உயிரும் தின்னாது. அதைப் பிரிக்கச் சவ்வும் ஆவியாக்கும் கலனும் வேண்டும். நம் தாமான் சாக்கடையில் பட்டறைக்காரர் ஊற்றும் எஞ்சின் எண்ணெயும் பெயிண்ட் கரைப்பானும் அப்படித்தான். அவை தின்னப்படாமல் போவதோடு, தின்னும் கூட்டத்தையும் கொன்றுவிடும். பத்து நாள் வளர்த்த உறை ஒரே வாளியில் போகும். பிறகு நாற்றம் என்று கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டருக்குப் புகார் போகும்.

குளத்துக்கு ஆதரவாக இவ்வளவு பேசினோம், அதன் குறையையும் மறைக்கக் கூடாது. அந்தப் பெரியவர் ரசித்துப் பார்த்த குமிழி மீத்தேன். ஆலைக் கழிவு ஒரு கன மீட்டரிலிருந்து சுமார் 28 கன மீட்டர் வாயு கிளம்பும், அதில் மூன்றில் இரண்டு பங்கு மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட இருபத்தைந்து மடங்குக்கு மேல் சூடேற்றக்கூடியது. திறந்த குளம் ஆற்றைக் காப்பாற்றி வானத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் 2014 முதல் புதிய ஆலைகளும் விரிவாக்கம் கேட்கும் ஆலைகளும் வாயுவைப் பிடிக்கும் வசதி வைக்க வேண்டும் என்றது. குளத்தின் மேல் தடித்த கறுப்பு விரிப்பை இழுத்து மூடி, வாயுவைக் குழாய் வழியே எடுத்து இயந்திரத்தில் எரிக்கிறார்கள். குளம் அதேதான், உறையும் அதேதான், காற்றோடு போனது மின்சாரமாகிறது. சென்னை கொடுங்கையூர் நிலையத்திலும் கசடிலிருந்து வரும் வாயுவில் மின்சாரம் எடுக்கிறார்கள். ‘பழைய முறை’ என்று பெயர் வாங்கிய உயிரினங்கள்தான் இரண்டு இடத்திலும் வேலைக்காரர்கள்.

பழுது வருவது முறையால் என்பதைவிடக் கவனிப்பால் என்பதே எங்கள் தீர்மானமான கருத்து. குளத்தில் கசடை ஆண்டுக் கணக்கில் அள்ளாமல் விட்டால் ஐந்து மீட்டர் ஆழம் இரண்டு மீட்டர் ஆகிவிடும். மூன்று மாதம் நிற்க வேண்டிய நீர் ஒரு மாதத்தில் ஓடிவிடும். மேலே பொருக்கு கட்டி அதில் புல் முளைத்திருக்கும் குளங்களைப் பார்த்திருக்கிறோம். வெளியிலிருந்து பார்க்கப் பசுமையாக, அழகாக இருக்கும். உள்ளே செத்த குளம். தொட்டிக்கு வந்தால், ப்ளோவர் பழுதாகி மாற்று இல்லாமல் இரண்டு மூன்று நாள் நின்றாலே போதும், மூச்சு வாங்கும் கூட்டம் செத்துக் கருத்துவிடும். மறுபடி உறை சேர வாரக் கணக்கில் ஆகும். குளம் ஒரு மாதக் கவனக்குறைவைப் பொறுத்துக்கொள்ளும். தொட்டி ஒரு வாரத்தைக்கூடப் பொறுக்காது. குளத்தை மூடித் தொட்டி கேட்கும் தாமான் அதோடு சேர்த்துக் கேட்பது தினமும் வந்து பார்க்கும் ஓர் ஆளையும்தான். அந்த ஆளுக்கான சம்பளம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே அடுத்த கூட்டத்தில் ‘எஸ்பிஆர் வேண்டும்’ என்று கை தூக்குவதற்கு முன் சில கேள்விகளை எழுதி எடுத்துப் போகலாம். ப்ளோவர் ஒன்றா, இரண்டா? மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு? கசடு கடைசியாக அள்ளியது எந்தத் தேதி, எங்கே போனது? அம்மோனியா அளவு கடந்த ஆறு மாதத்தில் என்ன? வேலியின் சாவி யாரிடம்? நிலையத்தில் அந்த ஒரு லிட்டர் கண்ணாடிக் குழாய் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். அதன் அடியில் பழைய கசடு காய்ந்து ஒட்டியிருக்கிறதா, கழுவி ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள்.